1731: ஐரோப்பிய இசையின் ஓராண்டும் தமிழ் மண்ணும்

1731ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் லண்டன் ஹேமார்க்கெட்டில் இருந்த கிங்ஸ் தியேட்டரில் ஓர் இந்திய அரசன் மேடையேறினான். பெயர் போரோ. அலெக்சாண்டரை ஜீலம் ஆற்றங்கரையில் எதிர்த்து நின்றவன் என்று நம் பாடநூல்கள் சொல்லும் போரஸ் மன்னன்தான் அவன். பாடியவர்கள் இத்தாலியர், பாடல் மொழி இத்தாலியம், இசை அமைத்தவர் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய ஹாண்டல். அதே ஆண்டு செப்டம்பர் 13இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹாஸ்ஸே என்ற இசையமைப்பாளர் அதே கதையைக் 'கிளியோஃபிடே' என்ற பெயரில் அரங்கேற்றினார். அதற்கு முந்தைய ஆண்டுத் தொடக்கத்தில் ரோம் நகரில் வின்சி அதே கதைக்கு இசை அமைத்திருந்தார். 1730இன் இலையுதிர் காலத்தில் பிராக் நகர மேடையில் விவால்டியின் 'ஆர்ஜிப்போ' நடந்தது. அதன் கதை முகலாயப் பேரரசரின் அவையில் நிகழ்வது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் நான்கு பெரிய நகரங்கள் இந்தியாவைப் பாடிவிட்டன.

அந்த நான்கு மேடைகளிலும் இந்திய இசையின் ஒரு சுரம்கூட ஒலிக்கவில்லை. அதே நாட்களில் சோழமண்டலக் கடற்கரையின் தரங்கம்பாடியில் தமிழ்ப் பிள்ளைகள் ஜெர்மானிய மெட்டில் தமிழ்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதே வட்டாரத்துத் தஞ்சைத் தரணியில் அரசரே இசை இலக்கணம் எழுதினார். பரோக் காலம் என்று ஐரோப்பியர் சொல்லும் காலத்தின் கடைசிப் பகுதி இது. ஐரோப்பிய இசை தன் உச்சங்களில் ஒன்றைத் தொட்ட அந்தக் காலத்தில் அதற்கும் தமிழ் மண்ணுக்கும் உறவு இருந்ததா? இருந்தது என்றால் அது எந்த வழியாக வந்தது, எது வேர் பிடித்தது, எது உதிர்ந்தது? 1731 என்ற ஒரே ஆண்டை நடுவில் நிறுத்தி, அதற்கு முன்னும் பின்னும் பார்த்து, இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஐரோப்பாவில் அந்த ஆண்டு

ஐரோப்பிய இசையின் பெரும்பெயர்கள் ஒரே தலைமுறையில் பிறந்தவர்கள். விவால்டி 1678, டெலிமான் 1681, ராமோ 1683. 1685 என்ற ஓராண்டில் மட்டும் பாக், ஹாண்டல், டொமேனிக்கோ ஸ்கார்லாட்டி மூவரும் பிறந்தார்கள். 1731இல் இவர்கள் எல்லாருமே உயிருடன் இருந்தார்கள், எழுதிக்கொண்டும் இருந்தார்கள். விவால்டிக்கு ஊர் ஊராக நாடக ஒப்பந்தங்கள். டெலிமான் ஹாம்பர்க் நகரத் தேவாலயங்களின் இசைக்குப் பொறுப்பேற்றிருந்தார். ஸ்கார்லாட்டி ஸ்பெயினின் செவில் நகரில் இளவரசி மரியா பார்பராவுக்கு இசை ஆசிரியர். ராமோ பாரிசில் இருந்தார். அவருடைய முதல் பெரிய இசைநாடகம் வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

லைப்சிக் நகரில் புனித தோமா தேவாலயப் பள்ளியின் இசைப் பொறுப்பாளராக யோகான் செபாஸ்டியன் பாக் எட்டாவது ஆண்டில் இருந்தார். அவர் மகிழ்ச்சியாக இல்லை. 1730 ஆகஸ்டில் நகர மன்றத்துக்கு அவர் எழுதிய நீண்ட மனு இன்றும் கிடைக்கிறது. பள்ளியில் தங்கிப் படித்த 54 மாணவர்களையும் அதில் தரம் பிரித்திருக்கிறார்: 17 பேர் பாடத் தகுந்தவர்கள், 20 பேர் இன்னும் தேறவேண்டியவர்கள், 17 பேர் இசைக்கு உதவாதவர்கள். ஒரு பாடற்குழுவுக்குக் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 பேர் இருந்தால் நல்லது என்பது அவர் கணக்கு. உலகம் போற்றும் இசையெல்லாம் இந்தப் பற்றாக்குறையில்தான் பிறந்தது. தேர்ந்த பாடகர் பட்டாளம் இருந்தால்தான் பெரிய இசை பிறக்கும் என்று நினைப்பவர்கள் அந்த மனுவை ஒருமுறை படிக்கவேண்டும்.

அந்த மனுவை அடுத்து வந்த ஆண்டின் வரவு இது. மார்ச் 23, பெரிய வெள்ளியன்று, மாற்கு நற்செய்தியின் பாடுகளை அவர் இசைத்தார். அதன் பாடல் வரிகள் எஞ்சின, இசைப்பிரதி தொலைந்துவிட்டது. விசைக்கருவிக்கான ஆறு பார்ட்டீட்டாக்களை, அதாவது நடன வகைப் பகுதிகளால் ஆன படைப்புகளை, ஒன்றாகத் தொகுத்து 'ஓபஸ் 1' என்று அந்த ஆண்டில்தான் அச்சிட்டார். ஆகஸ்ட் 27இல் புதிய நகர மன்றம் பொறுப்பேற்ற ஆராதனைக்காக ஒரு காண்டாட்டா, அதாவது குரலும் கருவியும் சேர்ந்த பலபகுதிப் படைப்பு, எழுதினார். நவம்பர் 25இல் 'விழித்தெழுங்கள்' என்று தொடங்கும் பழைய ஞானப்பாட்டைக் கருவாக வைத்து இன்னொன்று. திரித்துவ ஞாயிறுக்குப் பின் வரும் 27ஆம் ஞாயிறுக்கென எழுதியது அது. ஈஸ்டர் மிக முன்னதாக வரும் ஆண்டுகளில்தான் நாட்காட்டியில் அந்த ஞாயிறு உண்டு. எப்போதோ ஒருமுறை வரும் ஒரு காலைக்காக எழுதிய அந்தக் காண்டாட்டாவை இன்று உலகமே பாடுகிறது.

அதன் நான்காம் பகுதியைக் கொஞ்சம் நெருங்கிக் கேட்போம். முதலில் வயலின்களும் வியோலாவும் ஒரே மெட்டை ஒன்றாக இசைக்கின்றன. நடையில் துள்ளல் உண்டு, ஆனால் அவசரம் இல்லை. கீழே மந்தரக் கருவிகள் அடியெடுத்து நடக்கின்றன. அந்த மெட்டே தனக்குப் போதும் என்று நாம் நினைக்கும்போது ஆண்குரல்கள் பழைய ஞானப்பாட்டை நீண்ட சுரங்களில் தொடங்குகின்றன. கருவிகள் தம் மெட்டை நிறுத்துவதில்லை, குரலுக்காக மாற்றிக்கொள்வதும் இல்லை. இரண்டும் தம்தம் வழியில் போகின்றன, ஆனாலும் ஒவ்வொரு சந்திப்பிலும் பொருந்துகின்றன. ஐரோப்பிய இசையின் தனிச்சிறப்பான பல்குரல் பின்னல் என்ன என்பதைத் தமிழ்க் காதுக்குச் சொல்ல இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நாம் ஒரு ராகத்தின் ஒற்றை இழையை நுணுக்கி நுணுக்கிப் பார்க்கிறோம். அவர்கள் பல இழைகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறார்கள்.

கருவிகளின் வரலாற்றிலும் அது ஒரு திருப்பமான காலம். சுத்தியல் அடித்து ஒலி எழுப்பும் புதிய விசைக்கருவியை, அதாவது பியானோவை, உருவாக்கிய கிறிஸ்டோஃபோரி 1731 ஜனவரியில் புளோரன்ஸ் நகரில் இறந்தார். தன் கருவி இசையுலகையே ஆளப்போகிறது என்பதை அவர் காணவில்லை. கிரெமோனா நகரில் 85 வயதைத் தாண்டிய ஸ்ட்ராடிவாரி இன்னும் வயலின் செய்துகொண்டிருந்தார். இந்த இரண்டு கருவிகளில் ஒன்றுதான் பின்னால் தமிழ் இசையின் உயிர்நாடிகளில் ஒன்றாயிற்று.

மேடை இந்தியா

வின்சியும் ஹாண்டலும் ஹாஸ்ஸேவும் இசை அமைத்த போரஸ் கதை இத்தாலியக் கவிஞர் மெட்டாஸ்டாசியோ எழுதியது. அதில் வரலாறு குறைவு, காதல் அதிகம். போரோ தோற்று, தன் படைத்தலைவன் வேடத்தில் மறைகிறான். இந்தியாவின் இன்னொரு பகுதிக்கு அரசியான கிளியோஃபிடே அவன் காதலி. அவள் அலெக்சாண்டரைச் சந்திக்கும்போதெல்லாம் போரோவுக்குப் பொறாமை. போரோ இறந்துவிட்டான் என்று நம்பியவள் கடைசியில் தீயில் இறங்கத் துணிகிறாள். உண்மை வெளிப்பட, அலெக்சாண்டர் இருவரையும் மன்னித்து நாட்டைத் திருப்பித் தருகிறான்.

ஹாண்டலின் இசைநாடகத்தில் முதல் அங்க முடிவில் வரும் இருவர் பாட்டு மிகச் சிறந்தது. முன்னே ஒரு காட்சியில் போரோ, 'இனி உன்மேல் ஐயப்படமாட்டேன்' என்று ஒரு மெட்டில் சத்தியம் செய்திருப்பான். அவளும், 'உன் மன அமைதியைக் குலைக்கமாட்டேன்' என்று இன்னொரு மெட்டில் வாக்களித்திருப்பாள். இருவரும் சண்டையிடும்போது அவன் அவளுடைய சத்தியத்தையும் அவள் அவனுடையதையும் அதே மெட்டில் பாடித் திருப்பி வீசுகிறார்கள். பிறகு இரண்டு மெட்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. சொன்ன வார்த்தையே குத்திக்காட்டும் வார்த்தையாகிறது. கூத்திலும் நாடகத்திலும் தர்க்கப் பாட்டுக் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர் யாருக்கும் இந்த உத்தியின் சுவை உடனே பிடிபடும்.

ஆனால் அந்த மேடையில் இந்தியா வெறும் பெயர்தான். பாரசீகமோ எகிப்தோ என்று பெயரை மாற்றினாலும் இசையில் ஒன்றும் மாறியிருக்காது. அன்றைய ஐரோப்பியருக்கு இந்தியா தெரியாத நாடல்ல. அவர்களுடைய கப்பல்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் தரங்கம்பாடியிலும் நின்றன. சோழமண்டலத் துணி லண்டன் சந்தையை அப்படி ஆட்டியது. உள்ளூர் நெசவாளரைக் காக்க அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே 1721இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தடை போட்டது. சுவீடன் நாட்டின் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதும் இதே 1731இல்தான். துணியும் மிளகும் போன கப்பலில் பாட்டு மட்டும் போகவில்லை. சரக்கை மதிப்பிடத் தெரிந்தவர்கள் கப்பலில் இருந்தார்கள், ராகத்தை எழுதிக்கொண்டு போகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே அரங்கத்தின் வழியாக இரண்டு இசைகளும் சந்திக்கவில்லை என்பது நம் முதல் முடிவு.

தரங்கம்பாடியின் ஞானப்பாட்டு

ஹாண்டல் பிறந்த ஹாலே நகரம்தான் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுக்கும் தாய்வீடு. ஹாண்டல் 1702இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அந்நகரப் பேராலயத்தில் ஓராண்டு ஆர்கன் வாசித்து, 1703இல் ஹாம்பர்க் போனார். அதே 1703இல், பின்னாளில் அந்த மிஷனைத் தொடங்கவிருந்த சீகன்பால்க் ஹாலேயில் படிக்க வந்தார். ஒருவர் இசைநாடக மேடையைத் தேடி வெளியேறிய ஊருக்கு, தமிழ்க் கடற்கரைக்குப் போகவிருந்த மற்றவர் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு, 1704இல், ஃபிரைலிங்ஹாவ்சன் தொகுத்த பெரிய ஞானப்பாட்டு நூல் ஹாலேயில் மெட்டுகளோடு அச்சாயிற்று. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் கூடவே கொண்டுவந்தது அந்தப் பாட்டு மரபை.

அச்சு இயந்திரம் வந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமை பெற்றது. அதே ஆண்டில் தமிழ் ஞானப்பாட்டு நூலும் வெளியாயிற்று. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. மறு ஆண்டு சீகன்பால்க் 36 வயதில் இறந்தார். அவருக்குப் பின் வந்த சுல்ட்சேயின் காலத்தில் பாட்டு நூல் பெருகியது. 1731இல் அந்த ஆலயத்திலும் பள்ளிகளிலும் பாடப்பட்டவை இவைதான். பரோக் காலத்து ஐரோப்பிய இசை தமிழ் வாயில் நுழைந்த முக்கியமான வாசல் இது. பாக் தன் காண்டாட்டாக்களின் நடுவே வைத்துப் போற்றிய அதே வகை லுத்தரன் மெட்டுகளை, அதே ஆண்டுகளில், காவிரிக் கழிமுகத்துப் பிள்ளைகளும் பாடினார்கள்.

பாடியது உண்மை. ஆனால் மொழியும் மெட்டும் பொருந்தவில்லை. ஜெர்மன் யாப்பு அழுத்தத்தால் நடக்கிறது. ஒரு அசை அழுத்தமாக, அடுத்தது மென்மையாக வரும். தமிழ் யாப்பு குறிலாலும் நெடிலாலும் நடக்கிறது. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்தால் சொல்லே மாறிப்போகும். 'வரம்' என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு அடிக்கு இழுத்தால் 'வாரம்' ஆகிவிடும். 'பலன்' அப்படியே 'பாலன்' ஆகும். மெட்டுக்காக எதுகையும் மோனையும் இடம் தவறும். வரிகளின் நீளம் முன்கூட்டியே முடிவாகிவிட்டதால் தமிழ்த் தொடர்கள் நெருக்கப்பட்டு முறிந்தன. 1740இல் தரங்கம்பாடி வந்து பின்னர் சென்னையில் பணியாற்றிய ஃபப்ரிசியஸ் போன்றவர்கள் பின்னாளில் நல்ல தமிழில் பாட்டுகளைத் திருத்தியும் புதிதாகப் பெயர்த்தும் தந்தார்கள். அவர்கள் உழைப்பால்தான் பாமாலை என்னும் இந்த ஞானப்பாட்டு மரபு இன்றுவரை ஆலயங்களில் நிற்கிறது. இருந்தாலும் ஆலயத்தில் பாடிய மெட்டு வயலிலும் திண்ணையிலும் பாடும் மெட்டாக மாறவில்லை. சபைக்குள் நிலைத்தது, மண்ணுக்குள் இறங்கவில்லை.

எலாக்குறிச்சியும் தஞ்சாவூரும்

இதே காலத்தில் கத்தோலிக்கத் துறவி ஒருவர் நேர் எதிரான வழியில் போனார். வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் பெஸ்கி 1680இல் இத்தாலியின் மாந்துவா பகுதியில் பிறந்தவர், விவால்டியைவிட இரண்டு வயது இளையவர். 1710இல் கோவாவை அடைந்தார். விவால்டியின் புகழை ஐரோப்பா முழுதும் பரப்பிய கான்செர்டோ இசைத் தொகுதி ஆம்ஸ்டர்டாமில் அச்சானது 1711இல். தன் நாட்டின் இசை உலகை வெல்லப் புறப்பட்டபோது அவர் மதுரை மிஷனுக்குள் வந்துவிட்டார். எலாக்குறிச்சியில் தங்கி எழுதிய அவர் இத்தாலிய மெட்டைத் தமிழில் புகுத்த முயலவே இல்லை. 1726இல் 3615 பாடல்களில் தேம்பாவணியை முடித்தார். 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி. 1731ஐ இருபுறமும் இரண்டு பெரும் தமிழ் நூல்கள் அணைத்து நிற்கின்றன. தேம்பாவணியின் ஓசை விருத்தத்தின் ஓசை, சந்தத்தின் ஓசை. யேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் கதை அதில் தமிழ்க் காப்பியமாகவே வந்தது. அதனால்தான் தமிழ் இலக்கிய வரலாறு அவரை விருந்தாளியாக எண்ணாமல் வீட்டு மனிதராகவே எண்ணுகிறது.

தஞ்சாவூரில் 1728 முதல் 1736 வரை ஆண்டவர் மராட்டிய அரசர் முதலாம் துளஜா. வடமொழியில் 'சங்கீத சாராமிருதம்' என்ற இசை நூல் அவர் பெயரில் வழங்குகிறது. தன் காலத்தில் பாடப்பட்ட ராகங்களின் நடையை அது பதிவு செய்கிறது. அவருடைய மூத்த சகோதரர் சாஹஜி 1684 முதல் 1712 வரை ஆண்டபோது திருவாரூர்த் தியாகராசர்மேல் தெலுங்கில் 'பல்லகி சேவா பிரபந்தம்' என்ற இசைநாடகம் எழுதினார். தென்பாண்டிச் சீமையில் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி பிறந்ததும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். ஐரோப்பிய அரசர்கள் இசைநாடகத்துக்குப் பொன்னை இறைத்த அதே தலைமுறையில் தமிழகத்து அரசர்களும் இசைநாடகத்தைப் போற்றினார்கள்.

இன்னும் ஒன்று. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள தில்லையாடியில் 1711இல் பிறந்தவர் அருணாசலக் கவிராயர். இராம நாடகக் கீர்த்தனை பாடி, தமிழ் இசைநாடகத்துக்கு முகவரி தந்தவர் அவர். 1731இல் அவருக்கு இருபது வயது. ஜெர்மானிய ஞானப்பாட்டு ஒலித்த ஆலயத்துக்கும் தமிழின் பெரிய இசைநாடகக் கவிஞர் பிறந்த ஊருக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான். ஆனால் இராம நாடகத்தில் அந்த மெட்டுகளின் சாயல் ஏதும் இல்லை. பக்கத்து ஊர் என்பதால் மட்டும் இசை கலந்துவிடாது.

இரண்டு இலக்கணங்கள்

ஏன் கலக்கவில்லை? மதம், அரசியல், மொழி என்று பல காரணம் சொல்லலாம். இசைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது, அதுதான் வலுவானது.

இரண்டு பக்கமும் அப்போது சுரங்களுக்கு ஒழுங்கு வகுத்துக்கொண்டிருந்தன. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை விஜயராகவ நாயக்கர் ஆதரவில் 'சதுர்தண்டிப் பிரகாசிகை' எழுதி 72 மேளங்களுக்குக் கணக்குப் போட்டார். அவற்றில் தன் காலத்தில் வழக்கில் இருந்தவை 19 என்றும் குறித்தார். ஐரோப்பாவில் 1722இல் பாக் பன்னிரண்டு சுரங்களில் ஒவ்வொன்றையும் ஆதாரமாகக் கொண்டு, மேஜர் பன்னிரண்டும் மைனர் பன்னிரண்டுமாக 24 நிலைகளில் முன்னிசையும், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் ஃபியூகும் எழுதித் தொகுத்தார். அதே ஆண்டில் ராமோ ஒத்திசைவு இலக்கணத்தை அச்சிட்டார். ஒரு சுரவரிசையிலிருந்து எத்தனை உலகங்களை எடுக்கலாம் என்பதே இரு தரப்பின் கேள்வியும்.

நிகழ்த்தும் முறையிலும் உறவு தெரிகிறது. துணை வாசித்த பரோக் விசைக்கருவிக்காரர் முன்னே இருந்த தாளில் மந்தர சுரமும் அதன் கீழே சில எண்களும் மட்டுமே இருக்கும். மேலே நிரவவேண்டியதை அவரே அந்த நொடியில் கற்பனை செய்வார். இத்தாலிய இசைநாடகத்தின் தனிப்பாட்டான ஆரியாவில் முதல் பகுதி, நடுப்பகுதி, மீண்டும் முதல் பகுதி என்று மூன்று கட்டம். மீண்டும் வரும்போது பாடகர் தன் திறமைக்கேற்ப அணிகள் சேர்த்தே பாடவேண்டும், அப்படியே பாடினால் மதிப்பில்லை. பல்லவிக்குத் திரும்பும்போது புதிய சங்கதியை எதிர்பார்க்கும் நம் கச்சேரி ரசிகருக்கு இது அந்நியமானதல்ல. மனோதர்மம் என்று நாம் பெருமைப்படும் பண்பு பரோக் இசையிலும் நிறைய இருந்தது. பிற்கால ஐரோப்பிய இசைதான் எல்லாவற்றையும் தாளில் பூட்டியது.

அப்படியானால் பிரிவு எங்கே? கமகத்தில். ஒத்திசைவு நிற்கவேண்டும் என்றால் சுரம் அசையாமல் நிற்கவேண்டும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் நான்கு குரல்களில் ஒன்று நடுங்கினால் கட்டடமே ஆடும். ராகம் உயிர்பெற வேண்டும் என்றால் சுரம் அசையவேண்டும். தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்தினால் தோடி போய்விடும். ஒன்றுக்கு உயிரானது மற்றதற்குக் கேடு. ஆகவே இசையை முழுதாக எடுத்துக்கொள்ள இரு தரப்பாலும் முடியவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்து எடுக்கவேண்டியிருந்தது. அதற்கு இன்னும் இரண்டு தலைமுறை தேவைப்பட்டது.

வேர் பிடித்தவை

18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மூன்று வழிகளில் அந்தத் தேர்வு நடந்தது.

முதலாவது, பாட்டு. மிஷனரி சுவார்ட்சின் மாணவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஜெர்மானிய மெட்டை விட்டு, கர்நாடக ராகத்திலும் நாட்டு மெட்டிலும் கிறித்தவக் கீர்த்தனைகள் பாடினார். குற்றாலக் குறவஞ்சியின் வடிவில் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். இன்று தமிழ் ஆலயங்களில் பாமாலை ஒரு பக்கமும் கீர்த்தனை மறு பக்கமும் பாடப்படுகின்றன. மக்கள் மனப்பாடமாகப் பாடுவது பெரும்பாலும் கீர்த்தனைகளைத்தான். வீரமாமுனிவர் எழுத்தில் செய்ததைச் சாஸ்திரியார் இசையில் செய்தார்.

இரண்டாவது, மெட்டு. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் கோட்டை பேண்டு வாத்தியத்தின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று அவற்றைச் சொல்கிறோம். இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டுக்கு அவர் அமைத்த 'சந்ததம் பாஹிமாம்' அவற்றில் ஒன்று. அந்த மெட்டு லண்டனில் பரவியது 1740களில், பரோக் காலத்தின் அந்தியில். எல்லாவற்றையும் சங்கராபரண சுரங்களுக்குள் அடக்கி, கமகமின்றி விட்டார். ராகத்தை ஐரோப்பிய மெட்டாக்கவும் இல்லை, மெட்டை வலிந்து ராகமாக்கவும் இல்லை. அந்த நிதானமே அவற்றைக் காப்பாற்றியது. 1893இல் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசையை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட முற்பட்டதும் இந்தத் தொடர்ச்சியின் இன்னொரு கண்ணிதான்.

மூன்றாவது, கருவி. இதுவே மிகப் பெரியது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் வயலின் கற்றுக் கர்நாடக இசையை அதில் வாசித்தார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதைத் திருவாங்கூர் அவைக்குக் கொண்டுபோனார். ஹார்ப்சிகார்டு, பியானோ இவற்றின் விசை ஒரு சுரத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிடும். வயலினில் வீணையைப் போல மெட்டுக்கட்டு இல்லை, விசைக்கட்டையும் இல்லை, விரல் வழுக்கிப் போகலாம். கமகம் அதில் தங்கும். நம்மவர்கள் கருவியை வாங்கியதோடு நிற்கவில்லை. தரையில் சம்மணமிட்டு, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி, தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று சுருதி கூட்டி, பிடிக்கும் முறையையே மாற்றினார்கள். ஸ்ட்ராடிவாரி செய்த வடிவம் அப்படியே இருக்க, அதற்குள் தோடியும் பைரவியும் குடிபுகுந்தன. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அரிது.

மலையிலிருந்து கேட்பவர்களுக்கு

பண்ணைக்காட்டில் இருந்து இதை எழுதுகிறேன். கீழ்ப்பழனி மலையின் இந்தப் பேரூர் காப்பிக்கும் மலைவாழைக்கும் பெயர் பெற்றது. 1731இல் இந்த மலையில் ஐரோப்பியர் குடியிருப்பு கிடையாது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது 1845இல். அவர்களோடு ஞானப்பாட்டும் விசைக்கருவியும் மலையேறின. 1901இல் தொடங்கிய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி மேற்கத்திய இசையைக் கற்பிப்பதில் பெயர் பெற்றது. அந்த இசை மலையுச்சிப் பள்ளிகளோடு நின்றுவிட்டது என்ற எண்ணம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் உண்டு. அது நமக்கானது இல்லை, பணமும் ஆங்கிலமும் உள்ளவர்களுக்கானது என்று நினைக்கிறார்கள். இந்த எண்ணம் மாறவேண்டும் என்பதே இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

லைப்சிக்கில் பாக் 1731இல் தேவாலயத்தில் மட்டும் வாசிக்கவில்லை. சிம்மர்மான் என்பவரின் காப்பிக் கடையில் மாணவர்களையும் தொழில்முறைக் கலைஞர்களையும் சேர்த்து வாரந்தோறும் கச்சேரி நடத்தினார். காப்பி குடிக்க வந்தவர்கள் கேட்ட இசை அது. அதைப் பெரியவர்கள் வீட்டுப் பொருள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

அது நம்முடையதாகவும் ஆகும் என்பதைக் காட்டியவர் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் இருந்து வந்தார். இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற படைப்பு, பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டாவின் முன்னிசையை எடுத்துக்கொண்டு வளர்கிறது. 1731 ஆகஸ்ட் 27இல் லைப்சிக் நகர மன்றத்துக்காக எழுதிய காண்டாட்டாவின் தொடக்கத்தில் பாக் பயன்படுத்தியதும் அதே முன்னிசைதான். வயலின் தனியாக வாசித்ததை அன்று ஆர்கனுக்கு மாற்றி, எக்காளமும் முரசும் சேர்த்தார். பாக்கே தன் இசையை இடத்துக்கு ஏற்ப மாற்றினார், 255 ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு தமிழர் தன் இடத்துக்கு ஏற்ப மாற்றினார். மூலத்தை எழுதியவரே காட்டிய வழியைப் பின்பற்றியதால், இதை நகல் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆய்வின் முடிவைத் தொகுத்துச் சொல்கிறேன். இந்தியாவைப் பெயருக்கு வைத்துப் பாடிய இசைநாடகம் இந்தியாவை அடையவில்லை. மொழியை வளைத்துப் பாடிய ஞானப்பாட்டு பாதி வழி வந்தது. மொழியின் இலக்கணத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த வீரமாமுனிவர் நிலைத்தார். கமகத்துக்கு இடம் தந்த வயலின் முழுதாக நம்முடையதாயிற்று. வந்த இசை எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, ஏற்கும் மொழியும் ராகமும் தம் நிபந்தனையை வைக்க முடிந்ததா என்பதே ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

செய்யவேண்டியது இன்னும் உண்டு. தரங்கம்பாடி ஞானப்பாட்டு நூல்களையும், ஹாலேயின் 1704ஆம் ஆண்டு மெட்டுநூலையும், துளஜாவின் சாராமிருதத்தையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க, கர்நாடக இசையும் ஐரோப்பியக் குறியீடும் இரண்டும் தெரிந்தவர்கள் வேண்டும். நம் பல்கலைக்கழக இசைத் துறைகளும் ஆலயப் பாடற்குழுக்களும் சேர்ந்தால் இது முடியாத காரியமல்ல. இளைஞர்களிடம் நான் கேட்பது இன்னும் எளியது: இந்த வாரம் 'விழித்தெழுங்கள்' காண்டாட்டாவின் நான்காம் பகுதியையும், 'சந்ததம் பாஹிமாம்' நோட்டுஸ்வரத்தையும், இளையராஜாவின் அந்தப் படைப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்றும் கைப்பேசியிலேயே கிடைக்கும், அரை மணி நேரம்கூட ஆகாது. கேட்டுவிட்டு, பக்கத்தில் யாராவது வயலின் கற்றுத் தருகிறார்களா என்று விசாரியுங்கள்.